லூபஸ் இருக்கு, ஸ்கேன் நார்மல், ஆனா மறதி தாங்கல. வேற என்ன டெஸ்ட் இருக்கு?

வாசகி எழுதுனது (கொஞ்சம் சுருக்கியிருக்கேன்):

"மேடம், எனக்கு 36 வயசு. பி.காம். முடிச்சிட்டு திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல மெர்ச்சண்டைசரா இருக்கேன். ஏழு வருஷமா லூபஸ். மூட்டு வலி, முகத்துல வர்ற தடிப்பு எல்லாம் இப்போ கன்ட்ரோல்ல இருக்கு, எச்.சி.க்யூ. (ஹைட்ராக்சிகுளோரோகுயின்) மாத்திரையும் தினம் 5 மில்லிகிராம் ஸ்டீராய்டும் ஓடுது. ரெண்டு தடவை கரு கலைஞ்சிருக்கு, ஒரு பையன் இருக்கான். ஒரு வருஷமா பேசிட்டு இருக்கும்போதே வார்த்தை வரமாட்டேங்குது. வடிகட்டின்னு சொல்ல வராம 'அந்த டீ ஊத்துறது'ன்னு சொல்றேன். பையர் மெயிலை நாலு தடவை படிச்சாதான் மண்டையில ஏறுது. போன மாசம் ஒரு ஆர்டர்ல கலர் கோடு நம்பரை (கலருக்கான குறியீட்டை) மாத்திப் போட்டுட்டேன். எம்.ஆர்.ஐ. நார்மல். ஒரு டாக்டர் 30 மார்க் டெஸ்ட் வச்சாரு, 27 வாங்குனேன், 'ஒண்ணும் இல்லம்மா, டென்ஷன்தான்'னு சொல்லி அனுப்பிட்டாரு. வீட்டுக்காரர் எனக்கு எதுலயும் கவனம் இல்லன்னு சொல்றார். இது என் கற்பனையா? எங்க பாட்டி மாதிரி கடைசியில யாரையும் அடையாளம் தெரியாம ஆயிடுவேனா? ஸ்டீராய்டை நிறுத்திட்டா சரியாயிடுமா?"

பதில்:

கற்பனை இல்லம்மா. அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இந்த ஒரு வார்த்தைக்காகவே வருஷக்கணக்கா அலையறவங்களை நான் பாத்துட்டு இருக்கேன். நான் நியூரோசைக்காலஜிஸ்ட், மருந்து எழுதுற டாக்டர் இல்ல. மூளை எந்த வேலையை எவ்வளவு வேகமா, எவ்வளவு சரியா செய்யுதுன்னு அளந்து பாக்குறதுதான் என் வேலை, அதனால மருந்து விஷயத்துல நான் சொல்றது எல்லாத்தையும் லூபஸுக்குப் பாக்குற உங்க ரூமட்டாலஜிஸ்ட் (மூட்டு, வாத நோய் டாக்டர்) கிட்ட ஒரு தடவை கேட்டுக்கோங்க.

லூபஸ்ங்கறது உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குற நோய், அது மூட்டு, தோல், கிட்னியோட நிக்கிறது இல்ல. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரூமட்டாலஜி 1999லயே, லூபஸ் நரம்பு மண்டலத்தைத் தொடுற விதங்கள்னு 19 பிரச்சனைகளைப் பேர் வச்சு வரையறுத்துட்டாங்க, அதுல 12 மூளை தண்டுவடம் சம்பந்தப்பட்டது, 7 வெளி நரம்புங்க சம்பந்தப்பட்டது. அந்த 12ல ஒண்ணுதான் நீங்க சொல்ற இந்த யோசனைத் தடுமாற்றம். எத்தனை பேருக்கு வருதுன்னு கேட்டா ஆய்வுக்கு ஆய்வு நம்பர் எக்கச்சக்கமா மாறும், 20 சதவீதம்னு ஒருத்தர் சொல்வாங்க, 80ன்னு இன்னொருத்தர் சொல்வாங்க, எந்த டெஸ்ட் வச்சாங்க எங்க கோடு போட்டாங்கங்கறதைப் பொறுத்தது அது. எல்லா ஆய்வையும் சேர்த்துக் கணக்குப் பாத்தவங்க மூணுல ஒருத்தருக்கு மேலன்னு சொல்றாங்க. இவ்வளவு பேருக்கு இருக்குற ஒரு விஷயத்தை டென்ஷன்னு சொல்லி அனுப்புறது எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

சரி, அந்த 27 மார்க்குக்கு வருவோம். 30 மார்க் டெஸ்ட்னா பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணா இருக்கும், ஒண்ணு 1975ல வந்த எம்.எம்.எஸ்.இ., இன்னொண்ணு 2005ல கனடாவுல மொன்ட்ரியல்ல உருவாக்குன மோக்கா. ரெண்டுமே முக்கியமா வயசானவங்களுக்கு டிமென்ஷியாங்கற மறதி நோய் ஆரம்பிக்குதான்னு பத்து நிமிஷத்துல சலிச்சுப் பாக்குறதுக்குத்தான் உதவும். மோக்காவுல 26ம் அதுக்கு மேலயும் நார்மல். 36 வயசுல தினம் எக்செல் ஷீட்டோட மல்லுக்கட்டுற ஒருத்தருக்கு கடிகாரம் வரையறதும் இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்றதும் ஒரு வேலையே இல்லயே. அரிசி மூட்டை நிறுக்கிற தராசுல மூக்குத்தியை வச்சா முள்ளு அசையாது, அதுக்காக மூக்குத்திக்கு எடையே இல்லன்னு சொல்லிட முடியுமா? நீங்க ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி அதே டெஸ்ட்ல 30 வாங்கியிருப்பீங்களோ என்னவோ, அது யாருக்கும் தெரியாது. அதனால 27ங்கறதுக்கு "டிமென்ஷியா மாதிரி இல்ல"ன்னு மட்டும்தான் அர்த்தம், "பிரச்சனையே இல்ல"ன்னு அர்த்தம் இல்ல.

உங்களுக்கு வேண்டியது முழு நியூரோசைக்காலஜி டெஸ்டிங். லூபஸுக்குன்னே ஒரு மணி நேரத்துல முடியற மாதிரி ஒரு டெஸ்ட் தொகுப்பை அதே 1999ல அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரூமட்டாலஜி பரிந்துரை பண்ணாங்க. நம்ம ஊர்ல நாங்க அதுக்கு ஈடா பெங்களூரு நிம்ஹான்ஸ் 2004ல வெளியிட்ட டெஸ்ட் தொகுப்பைத்தான் (பேட்டரின்னு சொல்வோம்) அதிகம் எடுப்போம், ஏன்னா அதுல நம்ம நாட்டு ஆளுங்களை வச்சு வயசு, படிப்பு, ஆண் பெண் வாரியா அளவு எடுத்து வச்சிருக்காங்க. நியூயார்க்காரங்க மார்க்கோட திருப்பூர்காரங்க மார்க்கை ஒப்பிட்டா தப்பாதான் வரும்.

உள்ள என்ன நடக்கும்னு பயந்துட்டே வர்றவங்க அதிகம், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன். ஊசி இல்ல, மெஷின் இல்ல, ஒரு மேசை, பேப்பர், பென்சில், என் கையில ஒரு ஸ்டாப்வாட்ச், அவ்வளவுதான். நான் 15 வார்த்தை வாசிப்பேன், நீங்க ஞாபகம் இருக்குற வரைக்கும் திருப்பிச் சொல்லணும், அதே லிஸ்டை அஞ்சு தடவை வாசிப்பேன், அப்புறம் நடுவுல வேற ஒரு லிஸ்டை வாசிச்சுக் குழப்பிட்டு பழைய லிஸ்டைக் கேப்பேன், அரை மணி நேரம் வேற வேலை குடுத்துட்டு மறுபடியும் கேப்பேன், கடைசியா "இந்த வார்த்தை லிஸ்ட்ல இருந்துச்சா"ன்னு ஒண்ணொண்ணா கேப்பேன். இந்தக் கடைசிக் கட்டத்துக்காகத்தான் நான் காத்துட்டு இருப்பேன். தானா சொல்லச் சொன்னப்போ ஆறு வார்த்தைதான் வந்துச்சு, ஆனா நான் வாசிச்சுக் கேட்டதும் 14ஐக் கண்டுபிடிச்சிட்டாங்கன்னா, விஷயம் உள்ள போயி பத்திரமாதான் இருக்கு, எடுக்குற இடத்துலதான் சிக்கல்னு அர்த்தம். வாசிச்சும் அடையாளம் தெரியலன்னா அது வேற கதை, அதை நான் இன்னும் தீவிரமா எடுத்துப்பேன். உங்க "வடிகட்டி" விஷயத்தைப் படிச்சதும் எனக்கு முதல்ல தோணுனது இதுதான், வார்த்தை அழிஞ்சு போகல, அது எதுக்குன்னு சரியா சொல்லியிருக்கீங்க, பேரு மட்டும் நேரத்துக்குக் கைக்கு வரல.

அப்புறம் கலர் ட்ரெயில்ஸ்னு ஒண்ணு. ஒரு தாள் முழுக்க ரோஸ் கலர்லயும் மஞ்சள் கலர்லயும் வட்டங்கள், உள்ள 1ல இருந்து 25 வரைக்கும் நம்பர். ரோஸ் 1, மஞ்சள் 2, ரோஸ் 3ன்னு கலர் மாத்தி மாத்திக் கோடு போட்டுட்டே போகணும். ரெண்டு விஷயத்தை மனசுல ஒண்ணா பிடிச்சுக்கிட்டு வேகமா மாத்துற திறமையை இது காட்டிக் குடுத்துடும், உங்க கலர் கோடு நம்பர் மாறிப்போனதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நினைக்கிறேன். நம்பருக்கு ஒரு குறின்னு மேல குடுத்திருப்போம், கீழ வரிசையா இருக்குற நம்பருக்கெல்லாம் அந்தந்தக் குறியைப் போட்டுட்டே போகணும், அது வேகத்துக்கு. ஒரு நிமிஷத்துல 'ப'வுல ஆரம்பிக்கிற வார்த்தை எத்தனை வருதுன்னு பாப்போம், பல்லு பாய் பானை பூட்டுன்னு, ஆனா ஆள் பேரு ஊர் பேரு சொல்லக்கூடாது. சிக்கலான ஒரு படத்தைப் பாத்து வரையச் சொல்லி, அரை மணி நேரம் கழிச்சுப் பாக்காம வரையச் சொல்வோம். நம்பர்களைத் தலைகீழா திருப்பிச் சொல்றது, பச்சைங்கற வார்த்தையை சிவப்பு மையில அச்சடிச்சிருக்கும், வார்த்தையைப் படிக்காம மை கலரைச் சொல்றது, இப்படிப் போகும். நடுவுல டீ பிரேக் கேட்டா குடுப்போம். தாராளமா கேளுங்க.

லூபஸ்காரங்களுக்கு டெஸ்ட் வைக்கும்போது ஒரு விஷயம் ரொம்ப முக்கியம், இதை அனுபவம் இல்லாதவங்க கோட்டை விட்டுடுவாங்க. சில வருஷம் முன்னாடி ஒரு சின்னப் பொண்ணு வந்திருந்தா, குறி போடுற டெஸ்ட்ல மார்க் பாதாளத்துல இருந்துச்சு. ரூம்ல ஏசி ஓடிட்டு இருந்துச்சு, யதேச்சையா அவ கையைப் பாத்தேன், விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய் நீலம் பாய ஆரம்பிச்சிருந்துச்சு, குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கிக்கிற ரேனாட்ஸ் பிரச்சனை அவளுக்கு. ஏசியை அணைச்சு, வெந்நீர் டம்ளரைக் கையில பிடிச்சுக்கச் சொல்லி, கை சூடானப்புறம் கையே தேவைப்படாத டெஸ்டுங்களை எடுத்தோம், பெரும்பாலும் நார்மலா வந்துச்சு. அன்னிக்கு நான் அளந்தது அவ மூளையை இல்ல, விரலைத்தான். அதனால கை வலி இருந்தா, விரல் மரத்துப்போனா, கண்ணாடி பவர் மாறியிருந்தா, முந்தின ராத்திரி தூங்கலன்னா வாயைத் திறந்து சொல்லிடுங்க. லூபஸ் ஏறியிருக்குற வாரத்துல, காய்ச்சல் இருக்குறப்போ இந்த டெஸ்டே வேண்டாம். காலையில முதல் அப்பாயின்ட்மென்ட்டா கேளுங்க.

மார்க் வந்ததும் உங்க வயசு, உங்க படிப்பு உள்ள நூறு பெண்களை வரிசையா நிக்க வச்சா நீங்க எங்க நிப்பீங்கன்னு பாப்போம். பொதுவா கடைசி ஆறேழு பேர் நிக்கிற இடத்துல வந்தா அந்தத் திறமை குறைஞ்சிருக்குன்னு எடுத்துப்போம். ஆனா இத்தனை டெஸ்ட் வச்சா நல்லா இருக்குற ஆளுக்கும் ஏதாவது ஒண்ணுல குறையத்தான் செய்யும், அதனால ஒரே ஒரு மார்க்கை வச்சு நான் யாருக்கும் பேரு கட்டமாட்டேன், கவனம், வேகம், ஞாபகம்னு வேற வேற வகையில ரெண்டுலயாவது குறையணும், நீங்க வீட்லயும் ஆபீஸ்லயும் படற கஷ்டத்தோட அது பொருந்தணும். உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. அவர்கிட்ட தனியா பத்து நிமிஷம் பேசுவோம், அவர் பாத்தது எங்களுக்கு உதவும், அதோட மார்க்கை அவர் கண்ணால பாத்துட்டாருன்னா "கவனம் இல்ல"ங்கற பேச்சு பாதி குறையும்.

இப்போ இன்னொண்ணு, இதைத் தப்பா எடுத்துக்காதீங்க. தனக்கு மறதி அதிகம்னு சொல்றதுக்கும் டெஸ்ட்ல வர்ற மார்க்குக்கும் நிறைய நேரம் ஒத்துப்போறது இல்ல, சோர்வு, வலி, மனச்சோர்வு இதோடதான் அது நல்லா ஒத்துப்போகுது. அதுக்காக நீங்க பொய் சொல்றீங்கன்னு இல்ல. ராத்திரி வலியில நாலு தடவை முழிச்சா காலையில யாருக்கும் மெயில் மண்டையில ஏறாது. அதனால மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாளையும் குடுப்போம், தூக்கத்தைப் பத்தியும் கேப்போம். ரத்தத்துல ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சுகர், கிரியாட்டினின், உப்பு அளவு பாத்திருக்காங்களான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. வலிக்கோ தூக்கத்துக்கோ அமிட்ரிப்டிலின், பிரிகாபலின் மாதிரி ஏதாவது போடறீங்கன்னா, அரிப்புக்குத் தூக்கம் வர்ற மாத்திரை எடுக்குறீங்கன்னா அதையும் சொல்லுங்க, இந்த மாத்திரைங்களே மந்தத்தைக் குடுக்கும். இதெல்லாம் சரிபண்ணக்கூடியது, அதனாலதான் லூபஸ் மேல பழியைப் போடறதுக்கு முன்னாடி இதைத் துழாவிப் பாக்கச் சொல்றேன்.

உங்க லெட்டர்ல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, ரெண்டு தடவை கரு கலைஞ்சுதுன்னு. எனக்கு மத்த எல்லாத்தையும் விட அந்த வரிதான் உறுத்துச்சு. லூபஸ் இருக்குறவங்கள்ல சிலருக்கு ஆன்டி பாஸ்போலிப்பிட் ஆன்டிபாடின்னு (எதிர்ப்பு சக்தி உருவாக்குற ஒரு புரதம்) ஒண்ணு ரத்தத்துல இருக்கும், ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கிற வேலையைப் பாக்கும், கரு கலையறதுக்கு அதுவும் ஒரு காரணம், கால்ல ரத்தம் உறைஞ்சு அடைக்கிறது, சின்ன வயசுல பக்கவாதம் இதுக்கும் அது காரணமாகலாம். அந்த ஆன்டிபாடி விடாம இருக்குறவங்களுக்கு யோசனைத் தடுமாற்றமும் கூடுதலா வருதுன்னு பல ஆய்வுகள்ல பாத்திருக்காங்க. கரு கலையறதுக்கு நூறு காரணம் இருக்கு, உங்களுக்கு இதுதான்னு நான் சொல்லல, ஆனா அந்த டெஸ்ட் எடுத்தாங்களா இல்லையாங்கறது இன்னிக்கே தெரிஞ்சாகணும். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டி கார்டியோலிப்பின், ஆன்டி பீட்டா2 கிளைக்கோபுரோட்டீன்னு மூணு டெஸ்ட், பேரை எழுதி எடுத்துட்டுப் போங்க. பாசிட்டிவ்னா 12 வாரம் கழிச்சு மறுபடியும் எடுத்துப் பாத்தாதான் கணக்கு, காய்ச்சல் மாதிரி ஏதாவதுக்குப் பிறகு சும்மா கொஞ்ச நாள் வந்துட்டுப் போறதும் உண்டு. பழைய ஃபைல்ல தேடிப் பாருங்க, கரு கலைஞ்சப்போ எடுத்திருந்தாலும் எடுத்திருப்பாங்க. இது இருக்குன்னா ஆஸ்பிரினா, ரத்தம் உறையாம இருக்க வேற மருந்தா, எதுவுமே வேண்டாமான்னு உங்க டாக்டர் முடிவு பண்ணுவாரு. நீங்களா கடையில வாங்கிப் போட்டுடாதீங்க.

ஸ்கேன் நார்மலா இருந்தும் எப்படின்னு கேப்பீங்க. எம்.ஆர்.ஐ. வீடு இடிஞ்சிருக்கா, சுவர்ல விரிசல் இருக்கான்னு காட்டும், உள்ள கரன்ட் லோ வோல்டேஜ்ல வருதான்னு காட்டாது. 2001ல நியூயார்க்ல பெட்டி டயமண்ட்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சாங்க, லூபஸ்ல உருவாகுற சில ஆன்டிபாடிங்க மூளை செல்லுங்கள்ல ஞாபகத்துக்கு முக்கியமான ஒரு ரிசப்டர்லயும் (சிக்னலை வாங்குற இடம்) போய் ஒட்டுதுன்னு. அப்புறம் எலிங்கள்ல பாத்தப்போ, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்குற தடுப்பு இளகுனா மட்டும் அந்த ஆன்டிபாடி உள்ள போயி ஞாபகத்தைக் கெடுத்துச்சு. மனுஷங்ககிட்ட இது எல்லா ஆய்வுலயும் ஒரே மாதிரி வரல, அதனால அந்த ஆன்டிபாடியை அளந்து உங்களுக்கு இதான்னு சொல்ற நிலைமை இன்னும் வரல. ஆனா ஸ்கேன்ல தெரியாமலே மூளையோட வேலை தடுமாற வழி இருக்குன்னு புரிஞ்சுக்க இது போதும். உங்க ஸ்கேன் நார்மல்ங்கறது நல்ல செய்திதான், பக்கவாதத் தழும்பு இல்லன்னு அர்த்தம்.

பாட்டி விஷயம். லூபஸ்ல வர்ற தடுமாற்றம் பெரும்பாலும் வேகத்துலயும் கவனத்துலயும் வார்த்தையைத் தேடி எடுக்குறதுலயும்தான் தெரியும், ஒரு வாரம் மோசமா இருக்கும் அடுத்த வாரம் தெளிவா இருக்கும், வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்த ஆய்வுகள்ல நிறைய பேருக்கு அப்படியே நின்னுச்சு, சிலருக்கு நல்லாவும் ஆச்சு. பாட்டிக்கு வந்தது படி இறங்குற மாதிரி இறங்கிட்டே போற நோய். லூபஸ் இருக்குறவங்களுக்கு வயசான காலத்துல டிமென்ஷியா வாய்ப்பு கொஞ்சம் கூடன்னு சில பெரிய ஆய்வுகள் சொல்றது உண்மை, அதை மறைக்க விரும்பல. ஆனா 36 வயசுல, தப்பு நடந்ததைத் தானே கவனிச்சு, தேதியோட இவ்வளவு கோர்வையா லெட்டர் எழுதுற ஒருத்தர் கிட்ட நான் பாக்குறது அந்த நோய் இல்ல. ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழிச்சு வேற வார்த்தை லிஸ்டை வச்சு மறுபடியும் டெஸ்ட் எடுத்து ஒப்பிட்டுப் பாப்போம், அதுக்காகவே இப்போ ஒரு தடவை எடுத்து வச்சுக்கறது நல்லது.

ஸ்டீராய்டை நிறுத்தாதீங்க. வருஷக்கணக்கா எடுத்த மாத்திரையைத் திடீர்னு விட்டா உடம்பு தானா அதைச் சுரக்க முடியாம உயிருக்கே ஆபத்தாகலாம். ஸ்டீராய்டு மனசைக் குழப்பும்ங்கறது உண்மைதான், ஆனா அது டோஸைப் பொறுத்தது. 1972ல ஒரு பாஸ்டன் குழு வெளியிட்ட பெரிய ஆய்வுல தினம் 40 மில்லிகிராமோ அதுக்குக் கீழயோ எடுத்தவங்கள்ல நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் மனநிலைப் பாதிப்பு வந்துச்சு, 80க்கு மேல போனவங்கள்ல நூத்துக்கு 18 பேருக்கு வந்துச்சு. உங்களுது 5. எச்.சி.க்யூ.வையும் விட்டுடாதீங்க, வருஷா வருஷம் கண் செக்கப் மட்டும் தவறாம போங்க.

இதுக்குன்னு தனி மாத்திரை இருக்கான்னு கேட்டா, இப்போதைக்கு இல்ல. அல்சைமருக்குக் குடுக்குற மெமான்டினை லூபஸ்ல குடுத்துப் பாத்தாங்க, பெருசா பலன் இல்ல. லூபஸ் உள்ளுக்குள்ள கொதிச்சுட்டு இருக்கான்னு சி3, சி4, டி.என்.ஏ. ஆன்டிபாடின்னு ரத்த டெஸ்ட்ல பாத்து, இருந்தா அதை அடக்கறது டாக்டர் வேலை. நீங்க செய்யக்கூடியது நடை, தூக்கம், அப்புறம் வேலையை மாத்தி அமைக்கிறது. கலர் கோடு நம்பர் போடற வேலையை மதியத்துல இருந்து காலைக்கு மாத்துங்க, அந்த நேரம் போனை மேசை டிராயர்ல போட்டுடுங்க, போட்டு முடிச்சதும் அந்த நம்பரை வாய்விட்டுப் படிச்சு டிக் பண்ணுங்க. வாயால சொல்ற மாற்றத்தை "ஒரு மெயில் போட்டுடுங்க"ன்னு கேட்டுப் பழகுங்க, யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க. பால் அடுப்புல இருந்தா டைமர். மாத்திரைக்குக் கிழமை போட்ட டப்பா. வார்த்தை வரலன்னா நின்னு தவிக்காதீங்க, இப்போ பண்ற மாதிரியே சுத்தி வளைச்சுச் சொல்லிட்டுப் போங்க, அஞ்சு நிமிஷத்துல அதுவே வரும்.

ஒரு பக்கம் கை கால் விழுந்தா, பேச்சு குழறினா, ஃபிட்ஸ் வந்தா, ஒரு நாள்ல திடீர்னு ஆளே குழம்பிப் போனா, கண் மங்கித் தலை பிளக்குற வலி வந்தா, காய்ச்சலோட குழப்பம் வந்தா, டெஸ்டிங் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க, 108க்கு அடிச்சு நேரா எமர்ஜென்சி. வீட்டுக்காரர்கிட்டயும் இதைப் படிச்சுக் காட்டிடுங்க.

டெஸ்டிங்குக்கு கோயம்புத்தூர்லயே ஆள் இருப்பாங்க, பெரிய ஆஸ்பத்திரிங்கள்ல நியூராலஜி இல்ல மனநலப் பிரிவுல விசாரிங்க, ஆர்.சி.ஐ. (ரீஹேபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா) பதிவு உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்டான்னும் நியூரோசைக்காலஜி பேட்டரி எடுப்பாங்களான்னும் போன்லயே கேட்டுட்டுப் போங்க. போறப்போ மாத்திரை லிஸ்ட், கண்ணாடி, ஒரு ஸ்வெட்டர், எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட், இந்த ரெண்டு வாரத்துல என்னென்ன எந்த நேரத்துல தடுமாறுச்சுன்னு எழுதுன ஒரு நோட்டு, அதோட அந்த ஆன்டி பாஸ்போலிப்பிட் ரிப்போர்ட் கிடைச்சா அதையும். கிடைக்கலன்னா டெஸ்டிங் தேதிக்காகக் காத்திருக்காம இந்த வாரமே உங்க ரூமட்டாலஜிஸ்ட்டைப் பாத்துடுங்க.